சந்தையில் சொன்னது

குண்டனி நாடு, கொல்லிமலை
22.8.2024

அன்புள்ள குழலிக்கு,

கலைமணி எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரர், பிள்ளை, எருமை எல்லோரும் சௌக்கியம். சௌக்கியமில்லாதது என் குதிகால் வெடிப்பு ஒன்றுதான். மழை நின்றால் அதுவும் ஆறிவிடும்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போன் பேச நான் கோயில் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். எனக்கு முன்னால் அங்கே நாலு பேர் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பத்தாவது முடித்து நான் காட்டு வேலைக்கும் நீ மேல்படிப்புக்கு மலையிறங்கியும் போன நாளிலிருந்து நமக்குக் கடிதம்தானே. பதினெட்டு வருஷப் பழக்கத்தை விட மனமில்லை.

இப்போது நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள். நான் கொரியாவுக்கு வருகிறேன்! நிஜம். சிறுதானியம் போடுகிற விவசாயிகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எங்கள் மகளிர் குழுவில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அக்டோபர் 14 முதல் 19 வரை. எந்த ஊர் என்று கேட்டால் ஜொன்ஜு என்கிறார்கள். உன் ஊர்! அதிகாரி சொல்லி முடிப்பதற்குள் நான் போட்ட சத்தத்தில் அவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அங்கே ஆராய்ச்சிப் பண்ணையில் தினை காட்டப் போகிறார்களாம். தினையைப் பார்க்க விமானம் ஏறுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பாஸ்போர்ட்டில் என் போட்டோ கோழி திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி வந்திருக்கிறது.

எனக்கு உயர உயரமான கட்டடம் எதுவும் காட்டாதே. விடியற்காலையில் ஆற்றோரம் ஒரு சந்தை கூடும், சூடாகத் தின்ன என்னென்னவோ கிடைக்கும் என்று முன்பு எழுதினாயே, அங்கே கூட்டிக்கொண்டு போ. இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்ன வேண்டும்.

உன் அம்மாவைச் சோளக்காட்டுச் சந்தையில் பார்த்தேன். அன்னாசிப் பழத்தோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "என்ற புள்ளயப் பாத்துட்டு வந்து, எளச்சிருக்கறாளா பெருத்திருக்கறாளான்னு நெசத்தச் சொல்லு சாமி. போன்ல அவ மூஞ்சிய மட்டுந்தான் காட்டறா" என்றார் அத்தை.

உன்,
கலை

*

ஜொன்ஜு
12.9.2024

என் கலைக்கு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் பிரித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். நெல் நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தாராம்.

19ஆம் தேதி சனிக்கிழமை. அன்று காலை எட்டு மணி வரை உங்களுக்கு வேலை எதுவும் இல்லையென்று உங்கள் அதிகாரியிடம் கேட்டு வைத்துவிட்டேன். ஐந்து மணிக்கு உன் விடுதி வாசலில் நிற்பேன். சந்தையில் சிவப்புச் சோளமாவை ஊற்றி, நடுவே இனிப்புப் பயறு வைத்து மடித்துச் சுடுகிற ஒரு அம்மா இருக்கிறார். முதல் தடவை தின்றபோதே, இது கலைக்குப் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன்.

குளிரும். செருப்போடு வராதே, ஷூ வாங்கிக்கொள். என் அளவில் ஸ்வெட்டர் கொண்டுவருகிறேன். மலைத்தேனெல்லாம் தூக்கிக்கொண்டு வராதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

இங்கே எனக்கு ஒரே தமிழ்த் துணை ஹேமலதா அக்கா. காரவள்ளிப் பக்கத்துக்காரர், மலையடிவாரத்தில் அவர்களுக்குத் தோட்டம் உண்டு. கணவர் கவியரசன் இங்கே தொழிற்சாலையில் என்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். அவர்களைப் பார்க்க நமக்கு நேரம் இருக்காது என்று நினைக்கிறேன். போகட்டும். நாம் இரண்டு பேர் போதும்.

உன்,
குழலி

*

ஜொன்ஜு
27.10.2024

அன்புக் கலைக்கு,

நல்லபடியாக மலையேறி வீடு சேர்ந்திருப்பாய். ஏழு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. பாறைமேல் ஏற நேரமில்லை போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

அன்று சந்தையில் நடந்ததைப் பற்றி. ஹேமா அக்கா அந்த நேரத்தில் அங்கே வருவார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. காய் வாங்க அவர் மத்தியானம் கடைக்குத்தான் போவார். திடீரென்று வந்து நின்று, "யாரு இது, நம்மூருச் சேலையாட்டம் இருக்குது?" என்று கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "இந்தியாவிலிருந்து வந்த குழுவுல ஒருத்தங்க அக்கா. பேச்சுத் துணைக்கு ஆள் கேட்டாங்கன்னு வந்தேன். இப்பத்தான் பார்க்கிறேன்" என்று. உன்னைத் தெரியும் என்று சொன்னால், அவர் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பேசிக்கொண்டே இருப்பார். நமக்கு இருந்த இரண்டு மணி நேரமும் அதிலேயே போய்விடும். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். வேறு எதுவும் இல்லை.

நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். ஒரு வரி எழுது.

உன்,
குழலி

*

குண்டனி நாடு
20.11.2024

பூங்குழலி மேடம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். அன்று விடியற்காலையில் எனக்காக எழுந்து வந்து பேச்சுத் துணையாக இருந்ததற்கு நன்றி. குழுவில் எல்லோரும் தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். ஸ்வெட்டரைத் துவைத்து வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள்,
மா. கலைமணி
மகளிர் குழுச் செயலாளர்

*

ஜொன்ஜு
12.12.2024

கலைக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில் பிரித்தேன். 'மேடம்' என்ற சொல்லைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

போன கடிதத்தில் நான் எழுதியது முழுப்பொய். நேரம் போய்விடும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னைத் தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதிவிட்டேன். எழுதிய பிறகு இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடத்தான் கை போகிறது.

ஏன் என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், நான் பேசுவதைக் கேட்டு வகுப்பில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்றே 'மலை' என்ற சொல்லை விட்டுவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டால் நாமக்கல் என்பேன். கல்லூரியிலும் நாமக்கல்தான், இங்கேயும் நாமக்கல்தான். ஹேமா அக்கா வீட்டில் முதல் தடவை சாப்பிட்டபோது அவர் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே, "எங்க தோட்டத்துக்கு மலையிலிருந்துதான் ஆளுங்க வருவாங்க. பாவம், சூதுவாது தெரியாதுங்க. எது குடுத்தாலும் வாங்கிக்குவாங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன்.

அந்தக் காலை எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் நினைவிருக்கிறது. ஆற்றின்மேல் பனி இருந்தது. முதலில் மீனை அரைத்துச் சாற்றில் வேகவைத்துத் தருகிற கடைக்குப் போனோம். காகிதக் கோப்பையில் அந்தச் சூடான சாற்றை ஊதிக் குடித்துவிட்டு, "மொளகு பத்தலடி. நம்ம மொளகு ரண்டு தட்டிப் போட்டா இவன் கடை எங்கயோ போயிரும்" என்றாய். பிறகு சோள அடைக்காரம்மா. ஒரு வாய் தின்றதும் கண்ணை மூடிக்கொண்டாய். "சோளந்தாண்டி இது! இவங்களும் நம்ம மாதிரி சோளந்திங்கற ஆளுங்கதாண்டி" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினாய். அந்த அம்மா பயறு உரித்துக்கொண்டிருந்தார். நீ சேலையைச் சொருகிக்கொண்டு அவர் பக்கத்தில் குந்த வைத்து உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்துவிட்டாய். அவர் கொரியத்தில் பேசினார், நீ தமிழில் பேசினாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். கையை நீட்டிக் கொசுறு கேட்டாய், அவரும் புரிந்துகொண்டு இன்னொரு அடையை உன் தட்டில் வைத்தார். உன் தாடையில் பயறு ஒட்டியிருந்தது. நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, கலை. சத்தியம்.

அப்போதுதான் ஹேமா அக்கா வந்தார். நீ கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி எழுந்தாய். என்னைப் பற்றி ஏதோ சொல்லத்தான் எழுந்தாய். நான் முந்திக்கொண்டேன். எந்த ஊர் என்று அவர் கேட்டார். "கொல்லிமலைங்க" என்றாய். "அட, எங்க தோட்டத்துக்கு உங்க ஆளுங்கதான் வருவாங்க" என்றார். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். ஒரே ஒரு தடவை. பிறகு அவரிடம் திரும்பி, "ஆமாங்கம்மிணி. இந்த மேடம் பாவம், விடியறக்குள்ள எனக்காக வந்திருக்கறாங்க. எனக்கும் இவங்கள இன்னிக்குத்தான் தெரியுங்க" என்றாய்.

அவர் தன் கையில் வைத்திருந்த சர்க்கரை அடைப் பொட்டலத்தை, "வெச்சுக்கோங்க, வழியில திங்கலாம்" என்று உன்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய். விடுதி வாசலில் நின்று, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று மட்டும் சொன்னாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அம்மா போனில் என்னை வெளுத்து வாங்கிவிட்டாள். "கலை அத்தாந்தூரம் வந்திருக்கறா. நீ வெளியூருக்குப் போயிட்டியாமா, பாக்கவே முடியலியாமா. அப்பிடி என்னடி பெரிய வேல உனக்கு?" என்று கேட்டாள். நீ எனக்காகச் சந்தையில் அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கேயாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா, வெளியூர் போயிருந்தேன்" என்றேன்.

என்னை மன்னித்துவிடு கலை. காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

குழலி

*

குண்டனி நாடு
6.1.2025

பூங்குழலிக்கு,

மேடத்தை விட்டுவிட்டேன். அதற்காகச் சந்தோஷப்பட்டுக்கொள்ளாதே.

உன் கடிதத்தை மிளகு காயப்போட்டுக்கொண்டே இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் கோபம் வந்தது. வகுப்பில் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வருஷம் முழுக்க மாதம் ஒரு கடிதம் எனக்கு எழுதினாயே, ஒன்றிலாவது அதைச் சொன்னாயா? புத்தகம் பெரிது, ஹாஸ்டல் பெரிது, கிணறு பெரிது என்றுதானே எழுதினாய். சொல்லியிருந்தால் பஸ் ஏறி வந்து அந்தப் பெண்களை ஒரு கை பார்த்திருப்பேன்.

அந்த அம்மிணி கொடுத்த சர்க்கரை அடையைப் பஸ்ஸில் போகும்போது தின்றேன். தூக்கி எறியத்தான் நினைத்தேன். சூடாக இருந்தது, எனக்குப் பசி. தின்றேன். நன்றாகவும் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

உன் அம்மாவிடம் நான் ஏன் பொய் சொன்னேன் தெரியுமா? உன்மேல் இருந்த பிரியத்தால் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. பார்த்தேன் என்று சொன்னால், என்ன பேசினாள், என்ன வாங்கித் தந்தாள், எப்படி இருக்கிறாள் என்று அத்தை கேட்பார். சந்தையில் இருக்கிற பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் கதை சொல்வது? பார்க்கவில்லை என்பது சுலபமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்கிறாய். கடிதத்தில் கேட்டால் ஆயிற்றா? நம் வழக்கம் உனக்கு மறந்துவிட்டது. நாம் எட்டாவது படிக்கும்போது சின்னுசாமி மாமா சந்தையில் வைத்து அண்ணாமலைக் கவுண்டரை மிளகுத் திருடன் என்று சொல்லிவிட்டாரே. மிளகைத் தின்றது எலி என்று தெரிந்ததும், ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அண்ணாமலைக் கவுண்டர் தாரைத் தொடவே இல்லை. "சந்தையில சொன்னதச் சந்தையிலதான் திருப்பி வாங்கோணும். எந்த எடத்துல சொன்னியோ அந்த எடத்துல, யாரு கேட்டாங்களோ அவிய முன்னால சொல்லு. ஊட்டுக்குள்ள வந்து மொணகாத" என்றார். அடுத்த சந்தையில் சின்னுசாமி மாமா அதே இடத்தில் நின்று, தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அது பொய் என்று சொன்னார். சொல்லும்போது அவர் கால் நடுங்கியதை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு வந்தது.

நீ என் காலில் விழ வேண்டாம். என் குதிகாலைப் பார்த்தால் நீயே எழுந்துவிடுவாய். சொன்ன இடத்துக்குப் போ. கேட்டவரைக் கூட்டிக்கொண்டு போ.

கலைமணி

*

ஜொன்ஜு
2.2.2025

கலைக்கு,

நேற்றுப் போனேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே ஹேமா அக்காவிடம், காலையில் சந்தைக்குப் போகலாமா என்று கேட்டுவிட்டேன். விடிந்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று தெரியும். காலையில் நல்ல பனி கொட்டியிருந்தது. பாதிக் கடைகள்தான் போட்டிருந்தார்கள். சோள அடைக்காரம்மா இல்லாமல் இருந்தால் திரும்பிவிடலாம் என்று ஒரு ஆசை. அவர் தார்ப்பாய் கட்டி அடுப்பைப் பற்றவைத்து உட்கார்ந்திருந்தார்.

அந்த இடத்திலேயே நின்றேன். ஹேமா அக்கா அடையை வாங்கி ஊதிக்கொண்டிருந்தார். "அக்கா, போன அக்டோபரில் இதே இடத்தில் ஒரு அம்மாவைப் பார்த்தீர்களே. அவர் யாரோ என்று சொன்னேன். அது பொய். அவள் பெயர் கலைமணி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பள்ளி விடுதியில் என்னோடு ஒரே பாயில் படுத்தவள். நானும் கொல்லிமலைதான். பைல் நாடு. என் அம்மா சந்தையில் அன்னாசிப்பழம் விற்கிறாள்" என்றேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். சின்னுசாமி மாமாவுக்குக் கால் நடுங்கியது, எனக்குப் பல் நடுங்கியது. குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் அடையைத் தின்னவில்லை. "அப்ப எங்கூட்டுல நான் அப்பிடிப் பேசினப்ப, நீ ஏன் சிரிச்ச?" என்று கேட்டார். "என்னைய அவ்வளவு கேவலமா நெனச்சுட்டியா? மூணு வருசமா என்ற கையில சோறு வாங்கித் தின்னுட்டு" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. காருக்குப் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட வா என்று அவர் கூப்பிடவில்லை.

சொல்லிவிட்டேன் கலை. நீ சொன்னபடி, சொன்ன இடத்திலேயே.

ஒன்று மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவிடம் நீ சொன்னதை அப்படியே விட்டுவிடு. நான் வெளியூர் போயிருந்ததாகவே இருக்கட்டும். இந்த விஷயம் தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். எனக்காக வேண்டாம், அவளுக்காக.

உன்,
குழலி

*

குண்டனி நாடு
3.3.2025

குழலிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பல் நடுங்கிய இடத்தில் சிரிக்கவும் செய்தேன். நீ சொன்னது எனக்குப் போதும். உன்மேல் எனக்கு இருந்த வருத்தம் தீர்ந்தது.

ஆனால் கடைசியில் கெஞ்சியிருக்கிறாயே, அதை என்னால் செய்ய முடியவில்லை. யோசித்துப் பார். அந்தச் சந்தையில் தமிழ் தெரிந்த ஆள் ஒருத்தர். அங்கே சொல்லிவிட்டாய். நம் சந்தை முழுக்கத் தமிழ் தெரிந்த ஆட்கள், இங்கே மட்டும் மூடி வைக்கச் சொல்கிறாய். யாருக்காக வேண்டும் என்கிறாயோ அவர் பெயரைச் சொல்லி உன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறாய்?

எனக்கும் ஒரு கணக்குத் தீராமல் இருந்தது. அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. நீ என்னைத் தெரியாது என்று சொன்னபோது எனக்கு முதலில் கோபம் வரவில்லை. குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். ஸ்வெட்டர்மேல் சொருகிய சேலை, சாக்ஸ்மேல் ரப்பர் செருப்பு, கையெல்லாம் பயறுத்தோல். உன்னைப் பார்த்தேன். நல்ல கோட்டு, நல்ல ஷூ. இவள் சொல்வது சரிதான், இவளுக்கு நான் யார் என்று தோன்றியது. அதனால்தான் மேடம் என்ற வார்த்தை எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. உன்னைக் காப்பாற்றச் சொன்னேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. நானே நம்பிச் சொன்னேன். நீ செய்தது ஒரு தப்பு. நான் என்னையே அப்படி நினைத்தது அதைவிடப் பெரிய தப்பு. கோபமெல்லாம் பஸ்ஸில் ஏறிய பிறகு வந்ததுதான்.

அந்தச் சொல்லைத் திருப்பி வாங்க நான் கொரியா வர முடியாது. சோளக்காட்டுச் சந்தையில் சொன்ன பொய்யையாவது திருப்பி வாங்கலாம் அல்லவா? போன சந்தையில் செய்தேன்.

உன் அம்மா பலாமரத்தடியில் கடை போட்டிருந்தார். போன தடவை கேட்ட பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். "அத்தை, குழலி வெளியூரு போயிருந்தான்னு இதே எடத்துல நான் சொன்னனுங்க. அது பொய்ங்க. அவளப் பாத்தேன். ரண்டு பேருஞ் சந்தையில நின்னு சோள அடை தின்னம். அங்க நம்ம பக்கத்து அம்மிணி ஒருத்தங்க வந்தாங்க. குழலி என்னையத் தெரியாதுன்னு சொல்லிட்டா. நானும் அவளத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றேன். பிறகு நீ அந்த அம்மிணியைக் கூட்டிப்போய்த் திருப்பிச் சொன்னதையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை.

அத்தை ஒரு அன்னாசிப்பழத்தைக் கையில் எடுத்தார், வைத்தார். இன்னும் பாதிப் பழம் விற்காமல் இருந்தது. கூடையைக் கட்டிவிட்டார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடப் போனேன். ஏன் பொய் சொன்னாய் என்று என்னைத் திட்டுவார், அழுவார் என்று பார்த்தேன். பஸ் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏங் கண்ணு, அந்த எடத்துல உனக்குப் பதிலா நான் நின்னிருந்தா, அவ என்ன சொல்லியிருப்பா?"

கூடையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பதில் சொல்ல வேண்டியவள் நீ. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கலை

*

ஜொன்ஜு
21.3.2025

கலைக்கு,

நீ செய்தது சரி. முதல் நாள் உன்மேல் கோபம் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாம் நாள் அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். மிளகு நல்ல விலை போகிறது என்றாள், மழை இல்லை என்றாள், சாப்பிட்டாயா என்றாள். உன்னிடம் கேட்டதை என்னிடம் கேட்கவில்லை. நான் சொல்லப் போனபோது, "அப்பறம் பேசிக்கலாஞ் சாமி, சார்ஜு இல்ல" என்று வைத்துவிட்டாள். அவள் கேட்டிருந்தால், "உன்னைப் போய் அப்படிச் சொல்வேனா அம்மா" என்று நான் அழுதிருப்பேன். அவளும் நம்பியிருப்பாள்.

ராத்திரியெல்லாம் அந்த இடத்தில் அம்மாவை நிற்க வைத்துப் பார்த்தேன். அவள் அடைக்காரம்மா பக்கத்தில் குந்த வைத்து உட்கார்ந்திருக்கிறாள். வெற்றிலைக் கறைப் பல்லோடு சிரிக்கிறாள். ஹேமா அக்கா வந்து, யாரு இது என்று கேட்கிறார். வேறு ஏதாவது சொல்வேனா என்று எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இல்லை கலை. அன்றைக்கு இருந்த குழலி, அம்மா நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். குழுவில் வந்தவங்க, இப்பத்தான் பார்க்கிறேன் என்று. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். தெரியாது என்றால் அது இன்னொரு பொய்.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டாதே. இது மறைக்கச் சொல்வது இல்லை. ஏப்ரல் இரண்டாம் வாரம் விடுமுறை வாங்கியிருக்கிறேன். சந்தை நாளன்று முதல் பஸ்ஸில் காரவள்ளியிலிருந்து ஏறுவேன். வீட்டுக்குப் போக மாட்டேன், நேராகச் சந்தைக்கு வருகிறேன். அம்மா என்ன கேட்டாளோ, அதற்குப் பதிலைப் பலாமரத்தடியிலேயே அவளிடம் சொல்கிறேன். கேட்ட பெண்களும் இருக்கட்டும். நீ பக்கத்தில் நின்றால் எனக்குத் தைரியமாக இருக்கும். நிற்காவிட்டாலும் சொல்வேன்.

நான் கடைசியாக நம் ஊருக்கு வந்து ஏழு வருஷமாகிறது. புதிதாகக் கடை போட்டவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் பேசி முடித்ததும் அவர்களில் யாராவது அம்மாவிடம், "யாரு பாவாயி இது?" என்று கேட்பார்கள். அம்மா என்ன சொன்னாலும் சரி, நான் அங்கேயே நின்று கேட்டுக்கொள்கிறேன்.

பூங்குழலி